கிண்டிக்கு ஒரு நாள், மகளோடு

கல்லூரி பார்க்க எல்லாரும் மே மாதம்தான் கிளம்புவார்கள், ரிசல்ட் வந்த கையோடு. நாங்கள் மகளின் பிளஸ் டூ காலாண்டு விடுமுறையிலேயே சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியைப் பார்க்க நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டோம். மே மாதம் போனால் பூட்டிய வகுப்பும் காலி விடுதியும்தான் பார்க்கக் கிடைக்கும். செப்டம்பர் கடைசியில் நமக்கு லீவு, அவர்களுக்கு வகுப்பு.

இதற்கு முந்தைய வாரம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரிக்குப் போயிருந்தோம். பளிங்குத் தரை, ஏசி அறை, கையில் ஜூஸ். ஆய்வகம் பார்க்கலாமா என்றதும் சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்றார்கள், மாணவர் ஒருவரிடம்கூட நம்மைத் தனியாகப் பேச விடவில்லை, அட்வான்ஸ் எவ்வளவு கட்டுவீர்கள் என்று மட்டும் மூன்று தடவை கேட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, கிண்டிக்கு வருவோம். தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, அப்புறம் ஆட்டோ. வாசல் நோட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனால் மரம், மரம், மரம். 1794-ல் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி 1920-ல் இங்கே வந்த கல்லூரி. பொறியியல் கவுன்சிலிங் பட்டியலில் இன்றைக்கும் இதன் எண் 1. அந்தச் சிவப்புக் கட்டடத்துக்கு முன்னால் என் மகள் பேசாமல் நின்றாள்.

கட்டடத்தைப் பத்து நிமிஷத்தில் பார்த்துவிடலாம். கேன்டீனில்தான் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பக்கத்து மேசையில் இருந்த பெண் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "நீங்க நம்ம ஊர்ப் பக்கமாம்மா?" என்று திரும்பினாள். தென்காசிக்காரி, சிவில் இரண்டாம் வருஷம், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது, அது போக புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்குக்கு வருகிறது. என் மகளும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றதும் அந்தப் பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

மகள் முதல் நாள் ராத்திரியே கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். இங்கிலீஷ் பாடம் புரியுமாக்கா? "முதல் செமஸ்டர் அழுதேன், ரெண்டாவதுல பிடிச்சிட்டேன். பயமா இருந்தா சிவில், மெக்கானிக்கல் ரெண்டும் இங்க தமிழ்லயே இருக்கு." மெஸ் எப்படி, விடுதியில் தண்ணீர் வருமா, அரியர் விழுந்தால் யார் சொல்லித் தருவார்கள், எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் வந்தது. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் இந்தக் கேள்விகளை அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே படிக்கிற பிள்ளையிடம் கேளுங்கள். அம்மா அப்பா கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டால் இன்னும் நல்லது. நானும் டீ வாங்கும் சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

மதியம் அந்தத் தென்காசிப் பெண்ணே ஆசிரியரிடம் கேட்டு எங்களை ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனாள். விரல் தடிமன் இரும்புக் கம்பியை எந்திரம் இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறது. ரொம்ப நேரம் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று நடுவில் ஓரிடம் மட்டும் இடுப்பு போலச் சிறுத்தது, அடுத்த நொடி டமார்! மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். உதவியாளர் அண்ணன் உடைந்த துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். "சூடா இருக்கும்மா!" என்றாள். ஒரு முனை கிண்ணம் மாதிரி குழிந்திருந்தது, மற்றது கூம்பு. ஏன் இப்படி உடையுது என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு துண்டையும் அவளுக்கே கொடுத்துவிட்டார்கள். திரும்பும் ரயிலில் விழுப்புரம் தாண்டியும் தூங்காமல், கிண்ணத்துக்குள் கூம்பைப் பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.