மறுபடியும் ஒற்றை பிளேடு: மூன்றாவது வாரம்

ஐந்து பிளேடு அடுக்கிய கார்ட்ரிட்ஜில் பல ஆண்டுகள் ஓட்டியதில் மிச்சம், கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிகளும் தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடிகளும்தான். அதனால் சவரம் பழகிய காலத்து ரேசரைத் தேடி எடுத்தேன். தலையைத் திருகிக் கழற்றி, இருபுறமும் கூரான பிளேடை வைத்து மூடும் அதே பழைய வகை.

முதல் நாள் மோவாயில் இரண்டு கீறல், குரல்வளை அருகே ஒன்று. 1903-இல் ஜில்லெட் இந்த ரேசரை விற்கத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுதும் போனவை வெறும் 51. வாங்கியவர்களில் எத்தனை பேர் என்னைப் போலப் படிகாரக் கட்டியைத் தேடி ஓடினார்களோ!

தவறு கையில்தான். கார்ட்ரிட்ஜின் தலை முகத்துக்கேற்ப வளைந்துகொடுக்கும், இது அசையாது. கோணத்தை நாம்தான் பிடிக்க வேண்டும், ஏறத்தாழ 30 பாகை. ரேசரின் தலையைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முடி அறுபடும் சரசரப்பு கேட்கிறது. அங்கே நிறுத்திவிடுகிறேன். கைப்பிடியின் அடிநுனியை இரண்டு விரல்களால் மட்டும் பிடிப்பதால், அழுத்த நினைத்தாலும் முடிவதில்லை. எடையே வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

நுரைக்கு ஒரு வாரம் பிடித்தது. தண்ணீர் குறைந்தால் முகத்திலேயே காய்கிறது, கூடினால் பெரிய குமிழிகளாகி வழிகிறது. இப்போது சோப்பைப் பிரஷில் தாராளமாக ஏற்றிவிட்டு, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன்.

உண்மையான சிக்கல் கழுத்து. இரண்டு நாள் மழிக்காமல் விட்டு விரலால் தடவிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வலப்பக்கம் முடி கீழ்நோக்கி வளர்கிறது, இடப்பக்கமோ மேலேறிக் காதுப் பக்கம் சாய்கிறது. இத்தனை காலமும் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இடப்பக்கத்தில் மட்டும் புள்ளிகள் அதிகமாக இருந்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. இப்போது முதல் முறை முடியின் போக்கிலேயே. மறுபடி நுரை பூசி, இரண்டாம் முறை குறுக்காக.

ஒரு பிளேடு எனக்கு ஐந்து சவரம் வருகிறது. ஆறாவதில் இழுக்கிறது, கஞ்சத்தனம் பார்த்து ஒருநாள் கன்னம் எரிந்தது. பழையவற்றை மூடியில் கீறலிட்ட தகர டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

இன்று காலை கீறல் இல்லை, வலப்பக்கம் தெளிந்துவிட்டது. இடத் தாடைக்கு அடியில் ஒரு விரலளவு இடம் இன்னும் சொரசொரப்பாகவே நிற்கிறது. எதிர்ப்போக்கில் ஒரு முறை இழுத்தால் போய்விடும்தான். ஆனால் புள்ளிகள் முழுதாக ஆறும்வரை அங்கே கை வைப்பதாக இல்லை.