இரண்டு தந்திக்கு எத்தனை பெயர்?

பக்கத்து வீட்டுப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். கிருஷ்ணகிரி முழுக்க மாம்பழ வாசனை அடிக்கும் வைகாசியில் அப்படி வந்தவன், நான்காம் தந்தியின் இரண்டாவது ஃபிரெட்டில், அதாவது கிட்டார் கழுத்தின் இரண்டாவது கட்டத்தில், ஒரு விரலை வைத்து, மூன்றாம் தந்தியை அழுத்தாமல் விட்டு, இரண்டையும் சேர்த்து மீட்டினான். "அண்ணா, இதுக்கு ஃபோன்ல நாலு பேர் காட்டுது. எது சரி?" என்று கேட்டான்.

அவன் வாசித்தவை ஈ, ஜி என்ற இரண்டு சுரங்கள். ஒரு கார்டுக்கு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்துக்கு, குறைந்தது மூன்று சுரங்கள் வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இரண்டு மட்டும் இருந்தால் அது ஓர் இடைவெளிதான். அதற்கு நாம் சூட்டும் பெயர், ஒலிக்காத சுரத்தைப் பற்றிய ஊகமே. ஈயும் ஜியும் ஈ மைனரிலும் உண்டு, சி மேஜரிலும் உண்டு. ஏ செவன்த் கார்டில் அவை ஐந்தாவதும் ஏழாவதுமாக வரும். சி ஷார்ப் டிமினிஷ்டிலும் இரண்டும் இருக்கின்றன. ஆக, ஃபோன் காட்டிய நாலு பேரும் பொய்யில்லை.

அவன் விரலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் கிட்டாரிலேயே ஐந்தாம் தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டை நான் அழுத்தி மீட்டினேன். அது சி, அந்த நொடியே மொத்தமும் சி மேஜராக மலர்ந்தது. அதே தந்தியை அழுத்தாமல் மீட்டியபோது ஏ வந்தது, ஒலி எங்கோ போகக் காத்திருப்பதுபோல் ஆனது. ஆறாம் தந்தியை மீட்டியபோது கீழே ஈ சேர்ந்து ஒலியின் முகம் வாடிவிட்டது. அவனுடைய இரண்டு சுரங்கள் மூன்று முறையும் அப்படியேதான் இருந்தன. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மோகனத்தின் ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அதே சுரங்கள் மத்தியமாவதியாகிவிடுவதைக் கிரகபேதத்தில் கேட்டிருக்கிறோம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருவிழாக் கச்சேரிக்காக ராயக்கோட்டை சாலையில் ஒரு மாடி அறையில் ஒத்திகை பார்த்தோம். ஓரிடத்தில் நான் வாசித்தது இதே ஈயும் ஜியும்தான். கீழே இருப்பது ஈ என்பதால் தாளில் "ஈ மைனர்" என்று எழுதியிருந்தேன். கீபோர்டு வாசித்தவர் தாளை நம்பி, அந்தக் கார்டின் மீதிச் சுரமான பியையும் சேர்த்துப் பிடித்தார். பாடகரோ அந்த இடத்தில் சியில் நீட்டி நின்றார். அரைச் சுர இடைவெளியில் பியும் சியும் உரசியபோது எல்லோரும் பாடகரைப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்பது எனக்கு மட்டும் உறைத்தது. என் இரண்டு தந்திகள் இரண்டு பக்கமும் ஒத்துப்போனதால் தனியாகப் பயிற்சி செய்தபோது அது காதில் படவே இல்லை.

எல்லா ஜோடிகளும் இந்த அளவுக்குக் குழப்புவதில்லை. ஏயும் அதற்கு மேலே ஐந்தாவதான ஈயும் சேர்ந்தால், அதாவது பவர் கார்டில், ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஆதார சுரம், எது என்ற சந்தேகமே எழாது. அழுத்தாத ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ், நான்காம் தந்தியின் ஈ ஏறத்தாழ 165. இரண்டுக்கும் வித்தியாசம் 55. அதுவும் ஓர் ஸ்தாயி கீழே உள்ள ஏதான். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டினால் இந்த வித்தியாச ஒலி நிஜமாகவே கேட்கும். ஏயையும் டியையும் சேர்த்து மீட்டினால் 110, 147; வித்தியாசம் 37 ஹெர்ட்ஸுக்கு அருகில், அது டியின் கீழ் ஸ்தாயி. அதனால்தான் நான்காவது இடைவெளியில் மேலே இருக்கும் சுரமே வீட்டுக்காரர்போல் ஒலிக்கிறது. தம்புராவில் மந்தர பஞ்சமத்தை மீட்டியதும் அடுத்து வரும் ஸட்ஜம் அதற்கு நான்காவதுதான். யாரும் பஞ்சமத்தை ஆதார சுருதி என்று மயங்குவதில்லை.

பவர் கார்டில் ரூட் தெளிவாக இருந்தாலும் மேஜரா மைனரா என்பது தெரியாது, ஏனெனில் அதைச் சொல்லும் சுரம், ரூட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது, அங்கே இல்லை. அதை ஏ5 என்று எழுதுவதே நேர்மை. வெறும் "ஏ" என்று எழுதுபவர்கள் மேஜர் என்று சாட்சி சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

எனக்கு மிகவும் பிடித்த ஜோடி எஃப்பும் பியும். நான்காம் தந்தியில் மூன்றாவது ஃபிரெட், மூன்றாம் தந்தியில் நான்காவது ஃபிரெட். சரியாக அரை ஸ்தாயி இடைவெளி என்பதால் கீழ்ச் சுரத்தை மேலே தூக்கித் தலைகீழாக்கினாலும் அளவு மாறாது. இது ஜி செவன்த்தின் உயிர்நாடி. டி ஃபிளாட் செவன்த்துக்கும் அதுவேதான். விரல்களை ஒவ்வொரு ஃபிரெட் வெளிப்பக்கம் விரித்தால், ஈயும் சியுமாகி சி மேஜரில் போய் இறங்கும். உள்பக்கம் நகர்த்தினால் விரல்கள் ஒன்றையொன்று கடந்து எஃப் ஷார்ப்பும் ஏ ஷார்ப்பும் ஆகி எஃப் ஷார்ப் மேஜரில் இறங்கும். ஆகவே இந்த ஜோடிக்குப் பெயர் வைக்க, அது எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். இருக்கும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை.

பையனுக்கு அந்த விரல் நகர்வு பிடித்துப்போய் பத்து நிமிடம் அதையே செய்துகொண்டிருந்தான். பிறகு நோட்டைத் திறந்து, தான் கேட்டு வந்த பாட்டை ஓடவிட்டு, பேஸ், அதாவது அடியில் ஒலிக்கும் கீழ்ச்சுரம், எங்கே நிற்கிறது என்று காதைக் கொடுத்தான். "சி-லதான் நிக்குதுண்ணா," என்றான். அப்படியானால் சி என்று எழுது, பேஸ் நடுவில் ஜி வரை ஏறினாலும் நீ சியையே நம்பு என்றேன். அவன் பெயரை எழுதிவிட்டு, அதன் கீழே சிறியதாக "ஈ, ஜி மட்டும்" என்றும் குறித்துக்கொண்டான்.