40 லட்சம் வரம்பும் பெங்களூர் பார்சலும்

ஈரோடு, சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் வீட்டிலிருந்தே வியாபாரம் பண்ணுகிற யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நாப்பது லட்சம் வரைக்கும் ஒண்ணும் வேண்டாமுங்க." சரக்கு விற்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு வருஷ விற்பனை 40 லட்சம் என்பது நிஜம்தான். ஆனால் அது மாநிலத்துக்குள்ளேயே விற்கிறவர்களுக்கான கணக்கு. ஓசூருக்குப் போகிற பார்சலுக்கு ஒரு விதி, ஓசூர் தாண்டி கர்நாடகாவில் இருக்கிற அத்திபெலேவுக்குப் போகிற பார்சலுக்கு வேறு விதி. வெளிமாநிலத்துக்கு ஒரே ஒரு துண்டு விற்றாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருட்களுக்கு இதில் தனிச் சலுகை உண்டு. எங்களுடையது விசைத்தறிச் சரக்கு, அதனால் அந்தப் பேச்சே இல்லை.

நான் விற்பது போர்வை, பெட்ஷீட், துண்டு. வீட்டுக்காரர் தறிப்பட்டறையைப் பார்த்துக்கொள்கிறார். படம் எடுப்பது, ஆர்டர் பார்ப்பது, பேக்கிங், பணக் கணக்கு எல்லாம் என் பொறுப்பு. முதலில் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று ஓடியது. பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் போடலாம் என்று 2024-இல் உட்கார்ந்தபோது முதல் பக்கத்திலேயே ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டது.

அது இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்கு முன்னால் இணையத் தளம் வழியாகச் சரக்கு விற்றால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். அந்தத் தேதியிலிருந்து வரம்புக்குள் இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண், வியாபாரம் நடக்கிற முகவரி, எந்த மாநிலம் என்பதைப் பதிந்தால் ஒரு சேர்க்கை எண், அதாவது என்ரோல்மெண்ட் நம்பர், தருவார்கள். கட்டணம் கிடையாது. அந்த எண் வந்த பிறகுதான் தளத்தில் விற்க ஆரம்பிக்க வேண்டும், ஒரே மாநிலத்தில்தான் விற்க வேண்டும். மாதா மாதம் ரிட்டர்ன் என்கிற கணக்குத் தாக்கல் எதுவும் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. சரக்கு போகுமா போகாதா என்று தெரிவதற்கு முன்னாலேயே ரிட்டர்ன் சுமையை எதற்குத் தூக்கிக்கொள்ள வேண்டும்? ஒரே குறை, தளம் தன் கமிஷனுக்குப் போடுகிற 18 சதவீத ஜிஎஸ்டியை நாம் திரும்ப எடுக்க முடியாது. அது கைச்செலவுதான்.

நாங்களும் அந்தச் சேர்க்கை எண்ணோடுதான் ஆரம்பித்தோம். ஆனால் எங்களிடம் கேட்டதெல்லாம் பெங்களூரிலிருந்து. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் வேலையில் இருக்கிறார்கள். "அக்கா, எங்க பின்கோடு போட்டா டெலிவரி இல்லைன்னு வருது" என்று தினமும் யாராவது செய்தி அனுப்புவார்கள். சரி, முழுப் பதிவே எடுத்துவிடலாம் என்று 2025-இல் முடிவு செய்தோம்.

விண்ணப்பம் இரண்டு பகுதி. முதல் பகுதியில் பான், செல்போன் எண், மின்னஞ்சல், ஓடிபி. அதை முடித்தால் ஒரு தற்காலிக எண் வரும். அதை வைத்து இரண்டாவது பகுதிக்குள் போக வேண்டும். அங்கேதான் வீட்டு முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். எங்கள் வீட்டுக் கரண்டு பில் மாமனார் பெயரில் இருக்கிறது. கொங்குப் பக்கம் பாதி வீட்டில் இதுதான் நிலைமை: வரி ரசீது, மின் இணைப்பு எல்லாம் பெரியவர் பெயரில், தொழில் மகன், மருமகள் பெயரில். இதற்கு ஒரு சம்மதக் கடிதம் எழுதி வாங்க வேண்டும்.

"மாமா, இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஊட்டை எழுதி வாங்கறயா அம்மணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். ஆனால் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை முழுக்கப் படித்த பிறகுதான் பேனாவைத் திறந்தார். நியாயம்தான்.

இந்தக் கடிதத்தை ஸ்டாம்ப் பேப்பரில்தான் எழுத வேண்டும், நோட்டரி கையெழுத்து வேண்டும் என்று பலர் சொல்வார்கள். வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 17-ஆம் தேதி மத்திய மறைமுக வரி வாரியம் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் விட்டிருக்கிறது, எண் 03/2025. சொந்த இடமென்றால் சொத்து வரி ரசீது, கரண்டு பில் மாதிரி ஏதாவது ஒன்று போதும். குடும்பத்தில் ஒருவருடைய இடமென்றால் வெள்ளைத்தாளில் சம்மதக் கடிதம், அவருடைய அடையாள அட்டை, அந்த இடம் அவருடையது என்பதற்கு ஒரு ஆவணம். இதற்கு மேல் தேவையில்லாத கேள்வி கேட்கக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது.

இருந்தும் எங்களுக்குக் கேள்வி வந்தது. ஆர்இஜி-03 என்ற படிவத்தில், வாடகை ஒப்பந்தம் எங்கே என்று. சொந்த வீட்டுக்கு யாரிடம் வாடகை ஒப்பந்தம் வாங்குவது? இந்த நோட்டீஸ் வந்தால் 7 வேலை நாளுக்குள் ஆர்இஜி-04 வழியாகப் பதில் போட வேண்டும். பலர் மின்னஞ்சலைப் பார்க்காமல் விட்டு, விண்ணப்பம் தள்ளுபடி ஆன பிறகு அலைகிறார்கள். ஈரோட்டில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை செய்கிற தம்பி ஒருவரிடம் கேட்டேன். "அக்கா, கோபமா எழுதாதீங்க. இடம் மாமனாருது, வாடகை இல்லை, சம்மதக் கடிதமும் வரி ரசீதும் வச்சிருக்கறோம்னு மூணு வரி. அந்த அறிவுறுத்தல் நம்பரை மட்டும் கீழ போட்டுருங்க" என்றார். அப்படியே போட்டேன். சான்றிதழ் வந்துவிட்டது. 2025 நவம்பர் 1 முதல், மற்ற வியாபாரிகளுக்கு விற்பதால் வருகிற வரி மாதம் 2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு 3 வேலை நாளில் பதிவு தருகிற எளிய முறை வந்திருக்கிறது. எங்களைப் போல நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சான்றிதழைத் தொழில் நடக்கிற இடத்தில் மாட்ட வேண்டும், வாசல் போர்டில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். எங்களுக்குத் தொழில் நடக்கிற இடம் வீட்டுத் திண்ணையும் பக்கத்து அறையும்தான். காம்பவுண்டு கேட்டில் சின்னதாக ஒரு போர்டு மாட்டியதும் தெருவில் பாதிப் பேர் கடை திறந்துவிட்டதாக நினைத்துத் துண்டு வாங்க வந்துவிட்டார்கள். அதுவும் வியாபாரம்தான், அதற்கும் பில் போட்டேன். பதிவு எடுத்து 30 நாளுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தையும் ஏற்றிவிட வேண்டும். பழைய சேர்க்கை எண், பதிவு அமலுக்கு வரும் நாளோடு செல்லாது.

பதிவு வாங்குவதெல்லாம் எளிதான பாதி. தளத்திலிருந்து வருகிற பணப் பட்டியலைப் பிரித்துப் படிப்பதுதான் நிஜமான வேலை. பெங்களூருக்குப் போன ஒரு துண்டு செட்டை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கொடுப்பது 840 ரூபாய். இதில் சரக்கு மதிப்பு 800, வரி 5 சதவீதம் 40. வெளிமாநிலம் என்பதால் அந்த 40-ம் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகிற சரக்குக்கான ஜிஎஸ்டி. தளம் கமிஷனும் கூரியரும் சேர்த்து 150 பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 27. ஜிஎஸ்டி சட்டப்படி தளம் நம்மிடமிருந்து முன்கூட்டியே பிடிக்கிற வரியான டிசிஎஸ் 0.5 சதவீதம், அதாவது 4 ரூபாய். 2024 ஜூலை 10-க்கு முன்னால் இது 1 சதவீதமாக இருந்தது. வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கிற டிடிஎஸ் 0.1 சதவீதம், 80 பைசா. இதெல்லாம் போக வங்கிக்கு வருவது 658 ரூபாய் 20 பைசா.

வங்கியில் வந்த 658-ஐ விற்பனை என்று எழுதுகிறவர்கள்தான் எங்கள் வட்டாரத்தில் அதிகம். விற்பனை 800. மொய் நோட்டில் ஒருவர் வைத்த 5000-ஐ 5000 என்றுதான் எழுதுவோம், சமையல்காரருக்குக் கொடுத்தது போக மிச்சத்தை எழுத மாட்டோம். இதுவும் அதே கணக்குதான். தளம் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-8 என்ற படிவத்தில் நம் பெயரில் நடந்த விற்பனையை அரசுக்குச் சொல்லிவிடுகிறது. நாம் வேறு எண்ணைச் சொன்னால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

அந்த 40 ரூபாய் வரியையும் முழுசாகக் கட்ட வேண்டியதில்லை. கமிஷனுக்குப் போன 27 ரூபாய் ஜிஎஸ்டி நமக்கு வரவு. நமக்கு வர வேண்டிய வரவைக் காட்டுகிற ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கலாம். டிசிஎஸ் 4 ரூபாயும் நம் பணம். ஆனால் அது தானாக வராது. இணையதளத்தில் டிடிஎஸ், டிசிஎஸ் வரவு என்று ஒரு தனிப் படிவம் இருக்கிறது. அதைத் திறந்து, தளம் காட்டியிருப்பதை ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் நம் மின்னணு ரொக்கக் கணக்கில் விழும். இதைத் திறந்தே பார்க்காத வியாபாரிகளை எனக்குத் தெரியும். சிறு தொகைதானே என்று விட்டால் வருஷக் கடைசியில் ஒரு பண்டல் நூல் வாங்குகிற காசு அங்கே கிடக்கும். இவை போக மிச்சம் கட்ட வேண்டியது 9 ரூபாய். நூல், சாயம், பேக்கிங் கவர் வாங்கிய பில்லில் ஜிஎஸ்டி இருந்தால் அதுவும் குறையும்.

ரிட்டர்னை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை முறையில் போடுகிறோம். விற்பனை 5 கோடிக்குள் இருந்தால் இதை எடுக்கலாம். காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13-க்குள் விற்பனை விவரம் சொல்கிற ஜிஎஸ்டிஆர்-1, தமிழ்நாட்டுக்காரர்களுக்கு 22-க்குள் வரி கட்டுகிற ஜிஎஸ்டிஆர்-3பி. நடு மாதங்களில் வரி ஏதும் வந்தால் அடுத்த மாதம் 25-க்குள் சலானில் கட்ட வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1-இல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்றதை மாநிலவாரியாக 7-ஆம் அட்டவணையில் போட வேண்டும். எந்த மாநிலம் என்பது சரக்கு போய்ச் சேர்ந்த முகவரியை வைத்து. அதே விற்பனையை எந்தத் தளம் வழியாக நடந்தது என்று 14-ஆம் அட்டவணையில் மறுபடி காட்ட வேண்டும். 2024 ஜனவரி மாதக் கணக்கிலிருந்து இது வந்திருக்கிறது. இரண்டு இடத்தில் போடுவதால் வரி இரண்டு தடவை ஏறாது, பயப்பட வேண்டாம். 3பியில் 3.1.1 என்று ஒரு இடம் தளங்களைப் பற்றிப் பேசும். அது டாக்ஸி, ஓட்டல் சாப்பாடு மாதிரி தளமே வரி கட்டுகிற சேவைகளுக்கு. துண்டு விற்கிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

திரும்பி வருகிற பார்சல் தனித் தலைவலி. கேஷ் ஆன் டெலிவரியில் ஆசைக்கு ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர்காரர் வந்ததும் "வேண்டாங்க" என்று விடுகிறவர்கள் நிறைய. மார்ச்சில் போனது ஏப்ரலில் திரும்பினால் ஏப்ரல் கணக்கில்தான் கழியும். அதனால் ஆர்டர் எண், போன தேதி, திரும்பிய தேதி, மாநிலம் என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எக்செல் தெரிந்தவர்கள் எக்செல்லில் வைக்கட்டும். விற்பனையே இல்லாத காலாண்டுக்கும் ரிட்டர்ன் உண்டு. அதற்கு 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம். தாமதித்தால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம்.

காம்போசிஷன் என்கிற எளிய வரி முறையை எடுத்தால் விற்பனையில் 1 சதவீதத்தோடு முடியுமே என்று சிலர் கேட்பார்கள். இணையத் தளத்தில் விற்பவர்களுக்கும் 2023 அக்டோபரிலிருந்து அது உண்டு. ஆனால் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. பெங்களூருக்காகப் பதிவு எடுத்தவளுக்கு அது எதற்கு?

வருமான வரி இதைவிட லேசு. தளத்தில் வருஷ விற்பனை 5 லட்சத்துக்குள் இருந்து பான் கொடுத்திருந்தால் தனிநபர்களுக்கு அந்த டிடிஎஸ் பிடித்தமே இல்லை. தாண்டினால் பிடிப்பார்கள், அது ஏஐஎஸ்ஸில், அதாவது வருமான வரித் துறை நம் பெயரில் வைத்திருக்கிற வருடாந்திரத் தகவல் அறிக்கையில், தெரியும். உத்தேச லாப முறையில், வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதத்தை லாபம் என்று காட்டி ஐடிஆர்-4 போட்டுவிடலாம். 15 லட்சம் விற்றிருந்தால் 90,000 ரூபாய். வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு வரியே வராது, பிடித்த டிடிஎஸ் திரும்பி வரும். ஐடிஆர்-4-இல் ஜிஎஸ்டி விற்பனை எவ்வளவு என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே போடுகிற எண், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஏஐஎஸ் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும்.

இதற்கிடையில், 2025 செப்டம்பர் 22 அன்று, ஜிஎஸ்டி விகிதம் மாறியது. அதுவரை 1,000 ரூபாய்க்கு மேல் போன பெட்ஷீட்டுக்கு 12 சதவீதம். இப்போது 2,500 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. எங்களிடம் கல்யாணத்துக்குக் கொடுக்கிற மாதிரி தலையணை உறையோடு ஒரு செட் 2,600-க்கு இருந்தது. வரியோடு வாடிக்கையாளருக்கு 3,068. விலையை 2,500 ஆக்கினால் வரியோடு 2,625. நாங்கள் விடுவது 100 ரூபாய், வாங்குகிறவருக்கு மிச்சம் 443. அன்றைக்கே தளத்தில் விலையையும் வரி விகிதத்தையும் மாற்றிவிட்டு, பட்டறைக்குப் போன் போட்டு இன்னும் கொஞ்சம் செட் ஓட்டச் சொன்னேன்.