பொடியாட்ரி படிக்கலாமா? சம்பளம், பயிற்சி, அப்புறம் வேலையில் மனசு ஒட்டுவது

இங்கிலாந்தில் பொடியாட்ரி, அதாவது பாத மருத்துவம், படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது சம்பளத்தைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். நான் இங்கேயே படித்து என்.எச்.எஸ்.ஸில், அதாவது அரசு மருத்துவச் சேவையில், சேர்ந்து, இப்போது நீரிழிவுப் பாதப் பிரிவில் வேலை செய்கிறேன். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

படித்து முடித்ததும் கிடைப்பது பேண்ட் 5 என்கிற சம்பளப் படிநிலை. 2025-26 கணக்குப்படி வருடத்துக்கு 31,049 பவுண்ட். இரண்டு வருடம் ஆனால் 33,487, நான்கு வருடம் ஆனால் 37,796. அதற்கு மேல் பேண்ட் 5இல் படிகள் கிடையாது. வருடாந்தர உயர்வு வருமே தவிர, நீங்கள் எத்தனை வருடம் உழைத்தாலும் அதே தட்டுதான். பேண்ட் 6 என்றால் 38,682இல் தொடங்கி 46,580 வரை போகும், பேண்ட் 7 என்றால் 47,810இல் தொடங்கி 54,710 வரை. உள் லண்டனில் 20 சதவீதம் வரை கூட்டித் தருவார்கள், அதை வீட்டு வாடகை பார்த்துக்கொள்ளும்.

பேண்ட் 5இலிருந்து 6க்கு யாரும் தானாகத் தூக்கிவிட மாட்டார்கள். காலியிடம் வரும்போது விண்ணப்பித்து, நேர்முகத்தில் உட்கார வேண்டும். அங்கே கேட்பது எத்தனை வருடம் வேலை பார்த்தீர்கள் என்பதை அல்ல. புண் பராமரிப்பில் என்ன செய்தீர்கள், நக அறுவைச் சிகிச்சை தனியாகச் செய்வீர்களா, தசை எலும்புப் பிரச்சினைகளைப் பார்த்திருக்கிறீர்களா, இவைதான். நாள் முழுக்க நகம் வெட்டும் கிளினிக்கிலேயே இருந்துவிட்டவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது. சலிப்பு வருவதும் சம்பளம் நிற்பதும் பெரும்பாலும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் நடப்பது இதனால்தான்.

தனியார் கிளினிக்கில் கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கலாம். ஆனால் அங்கே பல இடங்களில் நோயாளி கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பங்குதான் உங்களுக்கு. நோயாளி வராத அரை மணி நேரம் உங்கள் நஷ்டம். காய்ச்சலில் படுத்தால் வருமானமும் படுக்கும். என்.எச்.எஸ்.ஸில் முதல் வருடத்திலேயே 27 நாள் விடுமுறை, பொது விடுமுறைகள் 8 தனி. இங்கிலாந்தில் ஓய்வூதியத்துக்கு முதலாளி பக்கமிருந்து சம்பளத்தில் 23.7 சதவீதம் போகிறது. என் கருத்தைக் கேட்டால், படித்து முடித்த கையோடு தனியாருக்குப் போகாதீர்கள். சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் போய்க் கேட்க ஒரு சீனியர் இருக்க வேண்டும். அது முதல் இரண்டு வருடத்துக்கு எந்தச் சம்பளத்தையும் விடப் பெரிது.

படிப்பு இங்கிலாந்தில் மூன்று வருட பி.எஸ்சி., ஸ்காட்லாந்தில் நான்கு வருடம். ஹடர்ஸ்ஃபீல்ட், சால்ஃபோர்ட், சவுத்தாம்டன், கிளாஸ்கோ கலிடோனியன் போன்ற இடங்களில் நடக்கிறது. வேறு பட்டம் முடித்தவர்களுக்கு இரண்டு வருட எம்.எஸ்சி. உண்டு. ஊரில் பிசியோதெரபி முடித்தவர்கள் அதை வைத்தே பொடியாட்ரிஸ்ட் ஆகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முடியாது, இந்தத் தொழில்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் இரண்டும் தனித்தனிப் பதிவு. இந்த எம்.எஸ்சி.தான் அவர்களுக்கு ஏற்ற வழி. எதில் சேர்ந்தாலும் எச்.சி.பி.சி. அங்கீகரித்த படிப்பா என்று பார்த்துச் சேருங்கள். சில மாதங்களில் முடியும் 'ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்' படிப்புகள் விளம்பரத்தில் ஒன்று போலவே தெரியும். அதை முடித்துவிட்டு பொடியாட்ரிஸ்ட் என்று போட்டுக்கொண்டால் சட்டப்படி குற்றம்.

இங்கிலாந்தில் உள்ளூர்க் கட்டணம் கட்டுகிற மாணவர்களுக்கு வருடம் 5,000 பவுண்ட் உதவித்தொகை உண்டு. பொடியாட்ரி போல ஆள் கிடைக்காத துறைகளுக்கு இன்னும் 1,000 சேர்த்துத் தருகிறார்கள். திருப்பிக் கட்ட வேண்டாம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் கட்டணக் கணக்கை நன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும்.

படிப்பில் சுமார் 1,000 மணி நேரம் கிளினிக்கில் கழியும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள் என்று மனப்பாடம் செய்வது சுலபமான பகுதி. செய்முறைத் தேர்வில், இங்கே 'ஆஸ்கி' என்பார்கள், ஆட்கள் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில்.

ஒன்று, இடத்தை மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்தின் கணக்கு. அட்ரினலின் சேராத லிடோகெயினில் கிலோவுக்கு 3 மில்லிகிராம், எப்படியும் 200ஐத் தாண்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். 60 கிலோ ஆளுக்கு 180 மில்லிகிராம், சரி. கையில் இருப்பது 2 சதவீத மருந்து, எத்தனை மில்லி வரை போடலாம் என்றதும் முழிப்பார்கள். 2 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம், ஆக 9 மில்லி. தேர்வாளர் முன்னால் கை நடுங்கும்போதும் இது தானாக வர வேண்டும். பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது எதிரே இருப்பவரின் எடையை ஊகித்துப் போட்டுப் பழகலாம், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இன்னொன்று ரத்த ஓட்டம். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தால் வகுத்து 1.4 வந்தால், ரொம்ப நல்ல ஓட்டம் என்று சொல்லிவிட்டு வெளியே வருகிற மாணவர்கள் உண்டு. நீரிழிவு நோயாளிக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து இறுகியிருக்கும். பட்டையால் அமுக்க முடியாது, அதனால் எண் பொய்யாக ஏறும். கால்விரல் அழுத்தம் பார்ப்பேன் என்ற அடுத்த வாக்கியம்தான் மதிப்பெண்.

இனி மனசு விஷயம். "அடுத்தவன் காலைப் பிடிக்கிற வேலையா?" என்று உறவில் யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். அது இரண்டு கல்யாண வீட்டோடு ஓய்ந்துவிடும். நிஜத் தொந்தரவு வேறு: குனிந்தே இருப்பதால் முதுகு, ஓயாத நகத் தூசி, எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் சில நேரம் கடைசியில் விரலை எடுக்க வேண்டி வருவது.

இருந்தும் ஏன் இருக்கிறேன் என்றால், கத்திக்குக் கீழே தெரிய வருவதற்காகத்தான். நீரிழிவு நோயாளி ஒருவரின் பெருவிரல் அடியில் மஞ்சளாகத் தடித்த காய்ப்பு. உணர்வைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட் வைத்து அழுத்தினால் அந்தப் பாதத்தில் எங்கேயும் உணர்வில்லை. காய்ப்பை மெல்லிய ஏடுகளாகச் சீவச் சீவ, மூன்றாவது நான்காவது ஏட்டில் கரும்புள்ளிகள் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, புண் ஆகப் போகிறது. எப்போது வந்தது என்று கேட்டால், வலியே இல்லையே என்பார். ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தால் சில சமயம் ஒரு ஆணியே விழும், நாள் கணக்காக அதன் மேல் நடந்திருப்பார். புண் ஆகிவிட்டால் ஒரு வேலை நாளுக்குள் சிறப்புப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது, சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். புண் ஆகும் முன்பே பிடிப்பது நம் கையில். இந்த வேலையைச் செய்யும் கிளினிக்கில்தான் பேண்ட் 6க்கான திறமையும் சேர்கிறது.

ஆகவே பேண்ட் 5 நேர்முகத்தின் கடைசியில் உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்கும்போது, இல்லை என்று சிரித்துவிட்டு எழுந்து வராதீர்கள். புண் கிளினிக், நக அறுவை, தசை எலும்பு மூன்றிலும் சுழற்சியில் போடுவீர்களா, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், மேற்பார்வை பார்ப்பவர் அதே கட்டடத்தில் இருப்பாரா என்று கேளுங்கள். "ஆள் நிலவரத்தைப் பொறுத்து" என்று இழுத்தால், கையில் இன்னொரு டிரஸ்டின், அதாவது வேறொரு என்.எச்.எஸ். நிர்வாகத்தின், அழைப்பு வரும் வரை கையெழுத்துப் போடாமல் இருங்கள்.