மேட்ச் ஆகாத வருஷத்தில் கிடைத்த ரெசிடென்சி

அமெரிக்க ரெசிடென்சிக்கான (மருத்துவமனையில் வேலை செய்துகொண்டே பெறும் மேற்படிப்புப் பயிற்சி) 2023 மார்ச் மேட்சில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. டாக்டர்களும் மருத்துவமனைகளும் தரும் விருப்ப வரிசையை ஒப்பிட்டு இடம் ஒதுக்குவதுதான் மேட்ச். அடுத்த மேட்ச் வருவதற்கு முன்பே, 2024 ஜனவரியில், இன்டர்னல் மெடிசினில் (பொது மருத்துவம்) சேர்ந்துவிட்டேன். அது எப்படி என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்த வருஷம் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, வெளிநாட்டில் படித்த டாக்டர்களில் மேட்ச் ஆனவர்கள் 59 சதவீதத்துக்குச் சற்று மேல். மீதிப் பேருக்குத் திங்கட்கிழமை வந்த மெயில்தான் எனக்கும் வந்தது. அழுவதற்கெல்லாம் நேரமில்லை, ஏனென்றால் மேட்ச் ஆகாதவர்களைக் கொண்டு மீதி இடங்களை நிரப்பும் 'சோப்' அன்றைக்கே தொடங்கிவிடும். நிரம்பாத இடங்களின் பட்டியலைத் தருவார்கள். அதில் அதிகபட்சம் 45 ப்ரோக்ராம்களுக்கு (மருத்துவமனைகளின் பயிற்சித் திட்டங்கள்) விண்ணப்பிக்கலாம். வியாழக்கிழமை நான்கு சுற்றுகளாக ஆஃபர் வரும். வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

எமர்ஜென்சி மெடிசினில் மட்டும் 554 இடங்கள் காலி என்று பார்த்ததும் எனக்கு ஆசை வந்தது உண்மை. ஆனால் அந்தப் பட்டியலில் சில இடங்களில் விசா தரமாட்டார்கள். ஒவ்வொரு ப்ரோக்ராமின் இணையதளத்தையும் திறந்து, விசா உண்டா, படிப்பு முடித்து எத்தனை வருஷம் வரை ஏற்பார்கள் என்று தேடித்தான் 45-ஐப் பொறுக்க வேண்டியிருந்தது. இன்னொரு விதி: அவர்கள் முதலில் கூப்பிடாமல் நாம் அவர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது. நமக்காகப் பேராசிரியரோ சொந்தக்காரரோ பேசினாலும் விதிமீறல்தான். நான் ஊரில் இருந்ததால் வியாழக்கிழமைச் சுற்றுகள் சாயங்காலம் தொடங்கி விடியற்காலை வரை போயின. இரண்டு ப்ரோக்ராம்களிலிருந்து போனில் பேசினார்கள், ஆஃபர் எதுவும் வரவில்லை. என் அபிப்பிராயத்தில், விசா தேவைப்படுகிறவர்கள் சோப்பை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. முயற்சி செய்யலாம், அவ்வளவுதான்.

அப்புறம் செய்த வேலைகளில் உருப்படியானது, அமெரிக்க லைசென்ஸ் தேர்வின் மூன்றாம் கட்டமான ஸ்டெப் 3. அதை அமெரிக்காவுக்குப் போய்த்தான் எழுத முடியும், இரண்டு நாள் தேர்வு. அப்சர்வர்ஷிப்புக்காக (அங்குள்ள டாக்டர்களின் வேலையைக் கூட இருந்து பார்ப்பது) எடுத்த பி1/பி2 வருகையாளர் விசா இருந்ததால் போய் எழுதிவிட்டு வந்தேன். ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். என் ஸ்டெப் 2 மதிப்பெண்ணோ சுமார். ஸ்டெப் 3 பாஸ் இருந்தால் எச்-1பி வேலை விசா கொடுக்கும் இடங்களும் திறக்கும். லைசென்ஸ் தேர்வில் இவன் தட்டுத் தடுமாற மாட்டான் என்ற நம்பிக்கையும் ப்ரோக்ராம் டைரக்டருக்கு வரும். காசு கட்டிச் செய்யும் இன்னொரு அப்சர்வர்ஷிப்பைவிட இது எவ்வளவோ மேல். அங்கே ஓரமாக நின்று பார்ப்பதைத் தவிர நோயாளியைத் தொடக்கூட முடியாது. மேட்ச் உறுதி என்று பணம் கேட்ட ஏஜென்ட்களைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

மற்றபடி ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருந்தேன். இரவு ஐசியுவில் என்னோடு நின்ற பிசிஷியன் சார் எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில், எந்த மாதிரி கேஸை நான் எப்படிக் கையாண்டேன் என்பது இருந்தது.

செப்டம்பரில் அடுத்த மேட்சுக்கு மறுபடி விண்ணப்பித்தேன். ப்ரோக்ராம்கள் கூடக் கூடக் கட்டணமும் கூடியது! கூடவே, வருஷ நடுவில் காலியாகும் இடங்களையும் தேட ஆரம்பித்தேன். யாராவது துறை மாறுவார்கள், ராஜினாமா செய்வார்கள், சிலர் குடும்பக் காரணத்தால் வேறு ஊர் போவார்கள். ஒரு ஆள் குறைந்தால் அந்த இரவு டியூட்டிகள் மற்றவர்கள் தலையில் விழும். வாரத்துக்குச் சராசரியாக 80 மணி நேரம்தான் என்ற வரம்பையும் மீற முடியாது. அதனால் அவர்களுக்கும் அவசரம். அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷனின் ஃப்ரீடா தளத்திலும், இன்டர்னல் மெடிசினுக்கென்றால் அந்தத் துறையின் கல்வி அமைப்பான ஏஏஐஎம் தளத்திலும் இத்தகைய காலியிடங்கள் வரும். தினமும் காலையில் இரண்டையும் பார்ப்பேன்.

அக்டோபரில் ஒரு சிறிய ஊரின் கம்யூனிட்டி மருத்துவமனையில் முதல் வருஷ இடம் ஒன்று வந்தது. பார்த்த உடனே ப்ரோக்ராம் கோஆர்டினேட்டருக்கு மெயில் அனுப்பினேன். அதன் பிறகு காலேஜ் வாட்ஸ்அப் குழுவில், அந்த ஊர்ப் பக்கம் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டேன். நான்கு பேட்ச் மூத்த அக்கா ஒருவர் போன் செய்தார். "தம்பி, அந்த டைரக்டரை எனக்குத் தெரியும். நான் சொல்றேன். ஆனா உன் பேப்பர் எல்லாம் ரெடியா? அவங்களுக்கு ஜனவரியில ஆள் வேணும்" என்றார். இசிஎஃப்எம்ஜி சான்றிதழ் (வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான தகுதிச் சான்று), மூன்று ஸ்டெப்புகளின் மதிப்பெண் பட்டியல், கடிதங்கள், சிவி எல்லாம் ஒரே பிடிஎஃபாக ஏற்கெனவே இருந்தது. அதையே மெயிலில் இணைத்திருந்தேன். அக்கா சொன்னதால் என் மெயிலைத் திறந்தார்கள். ஆனால் என்னைவிட நல்ல மதிப்பெண் வைத்திருந்த ஒருவருக்கு ஸ்டெப் 3 முடியவில்லை, அதனால் அவரை எடுக்கவில்லை என்று சேர்ந்த பிறகு கேள்விப்பட்டேன்.

இன்டர்வியூ வீடியோவில்தான். மேட்ச் ஆகாததைப் பற்றிக் கேட்டார்கள். இன்டர்வியூ அழைப்புகள் குறைவு, வரிசைப்படுத்த இடங்களும் குறைவு என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு ஐசியு வேலைக்கு வந்துவிட்டேன். அவர்களும் அதைத் தோண்டவில்லை. ராத்திரி தனியாகச் சமாளிப்பானா என்பதுதான் அவர்கள் கவலை.

பிப்ரவரி 1-க்கு முன் தொடங்கும் இடம் மேட்சுக்கு வெளியே நிரப்பப்படலாம். ஒப்பந்தம் வந்ததும் 2024 மேட்சிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டேன். விசா ஜே-1, பயிற்சிக்காக வருகிறவர்களுக்கானது. அதற்கு டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகத்திடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். பயிற்சி முடிந்து திரும்புவேன் என்று நாமும் உறுதி எழுதித் தரவேண்டும். என்னை நிஜமாகத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கடிதம்தான். அது வந்து, ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் கான்சுலேட்டில் முத்திரை விழுந்தபோது சேர வேண்டிய தேதி நெருங்கிவிட்டது.

இந்த வழியில் ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். மூன்று வருஷப் பயிற்சி எனக்கு ஜூனில் முடியாது, டிசம்பரில் முடியும். போர்டு தேர்வு (துறை நிபுணர் என்று சான்று தரும் தேர்வு) அடுத்த ஆகஸ்டில். ரெசிடென்சிக்குப் பிறகு உட்பிரிவில் பயிற்சி தரும் ஃபெல்லோஷிப்கள் பெரும்பாலும் ஜூலையில்தான் தொடங்கும். ஜே-1 காரன் இடைப்பட்ட ஆறு மாதத்தில் அங்கே சாதாரணமாக வேலை பார்க்க முடியாது. அநேகமாக ஊருக்கு வந்துவிட்டுத்தான் மறுபடி போகவேண்டியிருக்கும். ஒப்பந்தத்தை அனுப்பும்போதே கோஆர்டினேட்டர் இதை விளக்கி, யோசிக்க ஒரு நாள் தருவதாகச் சொன்னார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.