ஹிட்ச் பெரிதானால் இழுதிறன் பெரிதாகாது

மோட்டார்ஹோமில் (வீடுபோல் வசதிகளுள்ள வண்டி) டிரெய்லரை மாட்டும் 5,000 பவுண்டு ஹிட்சைக் கழற்றி 10,000 பவுண்டு ஹிட்ச் மாட்டினால் இழுதிறன் இரட்டிப்பாகாது. வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 22,000 பவுண்டு எல்லையுள்ள ஃபோர்டு இ-450 சட்டத்தில் கட்டிய மோட்டார்ஹோமை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர், பெட்ரோல், ஆட்களோடு எடைமேடையில் 14,000 காட்டினால் மிச்சம் 8,000தான். வண்டியைக் கட்டிய கம்பெனி அதைவிடக் குறைத்துச் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. டிரெய்லர் உட்காரும் பந்து, அதைத் தாங்கும் பால் மவுண்டு (ball mount) ஆகியவற்றுக்கும் இதே விதி: எதன் எல்லை குறைவோ அதுவே கணக்கு.

பலர் கோட்டைவிடுவது வால்பகுதியில். அச்சுகளின் இடைவெளி 220 அங்குலம், பின் அச்சிலிருந்து பந்து 132 அங்குலம் என்றால், ஹிட்சை அழுத்தும் 500 பவுண்டு பின் அச்சில் 800 ஆகிறது; முன்பக்கம் 300 குறைந்து ஸ்டியரிங் பிடிமானம் குறையும். பின்னால் வெல்டிங் செய்து நீட்டிய சட்டத்தை வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். அங்கே விரிசல் இருந்தால் புது ஹிட்ச் தண்டச்செலவு.