விற்காமல் மிஞ்சிய கிடா

மேச்சேரி என்ற செம்மறி ஆட்டு இனத்தின் பூர்வீகம் தேடும் வேலையில் பாதி ஆய்வகத்தில், மீதி பட்டிகளில். சேலம், ஈரோடு, திருப்பூர் பக்கம் போய் ரத்தம் எடுக்கும்போது எங்களுக்கு ஒரு விதி உண்டு: உறவுக்கார ஆடுகள் வேண்டாம். தாயும் மகளும் ஒரே கணக்கில் விழுந்துவிட்டால் இனத்தின் படம் கோணிவிடும். அதனால் ஊசியைக் கையில் எடுக்கும் முன்னே வம்சம் விசாரிக்க வேண்டும்.

தாய்வழியைக் கேட்டால் பட்டிக்காரர்கள் அசத்திவிடுவார்கள். "இது அந்தக் காது கிழிஞ்சதோட பேத்திங்க" என்று ஒரு பாட்டி மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் சொன்னார். தகப்பன்? "பட்டியில ஏதோ ஒரு கிடா இருந்துச்சுங்க."

வேடிக்கை என்னவென்றால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் அந்தப் பாட்டி மாதிரிதான், தாய்வழியை மட்டுமே சொல்லும். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் வீட்டு விலங்கான செம்மறியின் பெரிய தாய்வழிக் கிளைகள் ஏ, பி இரண்டும். இந்திய ஆடுகளில் பெரும்பாலானவை ஏ. தூரத்துப் பூர்வீகத்துக்கு இது போதும். நேற்று யார் யாரோடு கலந்தது என்று தெரிய, மரபணுத்தொகுதி முழுக்கப் பரவிய 50,000-க்கும் மேற்பட்ட இடங்களைப் படிக்கும் சிப் வேண்டும். அந்த வகைச் சிப்பைக் கொண்டு உலகின் 74 செம்மறி இனங்களில் 2,819 ஆடுகளைப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. மனிதத் தேர்வின் தடம் அதில் மிக அழுத்தமாகத் தெரிந்த இடம், கொம்போடு தொடர்புடைய ஆர்எக்ஸ்எஃப்பி2 மரபணு. மேச்சேரியில் கிடாவுக்கும் கொம்பு கிடையாது. அதனால் எங்கள் கண் முதலில் போவதும் அங்கேதான்.

கொம்பு சரி. எடை விஷயத்தில் தேர்வு செய்வது யார் என்று பார்த்தால், சந்தை! ஒரே நேரத்தில் பிறந்த கிடாக்குட்டிகளில் வேகமாகத் தேறியதற்கு வியாபாரி முதலில் விலை பேசுவார். பக்ரீத் நெருங்கினால் கேட்கவே வேண்டாம். சோப்ளாங்கியாக நின்ற குட்டி விற்காமல் பட்டியிலேயே தங்கி, பெட்டைகளோடு சேர்ந்து, அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிவிடுகிறது. அதே கிடாவை மாற்றாமல் விட்டால் சொந்த மகள்களோடும் சேரும். பட்டிக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு விற்கத் தோதானது அந்தத் தேறிய குட்டிதான்.

பொட்டனேரியில் 1978 முதல் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எடை பார்த்து, வம்சப் பதிவேடு வைத்து, பொலிகிடா தேர்ந்தெடுத்துத் தரும் வேலை அங்கே நடக்கிறது. என்னைக் கேட்டால் சிப்பைவிட அந்தப் பதிவேட்டுக்குத்தான் மதிப்பு அதிகம். தகப்பன் பெயர் எழுதாத மந்தையில் மரபணு வரைபடம் எவ்வளவு அழகாக வந்தாலும் எந்தக் கிடாவைப் பட்டியில் வைத்துக்கொள்வது என்று சொல்லாது.

"ரெண்டு குட்டி போடுற ஆடு கிடைக்குங்களா?" என்று பல பட்டிகளில் கேட்டார்கள். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியின் கரோல் ஆட்டில் பலகுட்டி ஈனும் ஃபெக்பி மரபணு உண்டு. மகாராஷ்டிரத்தில் பல்டணில் அதைத் தக்காணி ஆட்டுக்குள் கொண்டுவந்து வெற்றியும் கண்டார்கள். ஆனால் கொரங்காட்டுக் கோடையை, அதாவது எங்கள் பக்கத்து வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலத்தின் கோடையை, நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கொழுக்கட்டைப் புல் காய்ந்து தூராகிவிடும். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரத்தடியில் உதிரும் நெற்றைப் பொறுக்கித் தின்றுதான் ஆடு ஓட்டுகிறது. பெட்டை ஆட்டின் சராசரி எடையே 22 கிலோ சுமாருக்குத்தான் வரும். அதன் மடியில் அந்த மாதங்களில் ஒரு குட்டிக்கே பால் இழுபறி. தீவனத்துக்கு வழி செய்யாமல் இரட்டைக்குட்டியைக் கொண்டுவந்தால், இரண்டில் ஒன்றைப் புட்டிப்பால் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியது அந்த வீட்டுப் பெண்கள்தான்.

நான் இப்போது கூட்டங்களில் கேட்பது ஒன்றுதான்: தேறிய கிடாக்குட்டியை ஆறு மாத எடை பார்க்கும்வரை விற்காமல் வைத்திருக்க, பட்டிக்காரருக்கு வியாபாரி தரும் விலையை முன்பணமாகக் கொடுங்கள். சிப் செலவில் ஒரு பங்கு போதும். இதுவரை எந்தத் திட்ட அறிக்கையிலும் அந்த வரி ஏறவில்லை.